கண்வலிக்கிழங்குக் காட்டு வேலை: இன்னும் உறுத்துற ஒரு நொடி

கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், மருந்துக்குப் போற விதைக்காகப் பயிர் பண்றது. இந்த வேலையில எந்த நொடி இன்னும் உறுத்துதுன்னு கேட்டதுக்கு, விவசாயிங்க புனைபெயர்ல எழுதின பதில்கள் இது.

செம்மண்காடு:
நடவு நாள்ல கேட்கிற அந்த "டக்". கேட்டவங்களுக்குத் தெரியும்.

கூடையிலிருந்து கிழங்கை எடுக்கும்போது நுனி ஒடியற சத்தம் அது. உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது இதுக்கு. கலப்பைக்கிழங்குன்னு பேர் வந்ததே அந்த வளைவாலதான். ரெண்டு கை விரிச்ச மாதிரி இருக்கும், ஒவ்வொரு கையோட நுனியிலயும் ஒரே ஒரு முளைக்கண். அது ஒடிஞ்சா மிச்சக் கிழங்கு கெட்டியா இருந்து என்ன பிரயோஜனம், மண்ணுக்குள்ள கிடந்து அழுகத்தான் போகுது. அதனால சாக்குல கொட்டித் தூக்காதீங்க. வைக்கோல் பரப்பின கூடையில பாதி அளவுக்கு அடுக்கி எடுத்துட்டுப் போங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைக் கிழங்கு எடுத்துக் கொடுக்க விட்டா, நுனியைப் பிடிக்காம நடுவளைவைப் பிடிக்கணும்னு முதல்ல காட்டிக் கொடுங்க. பாதிப் பேர் அதைச் சொல்றதே இல்ல.

அளவு: 50–60 கிராமுக்குக் குறைஞ்ச கிழங்கு கொடி விடும், ஆனா அந்த வருஷம் பூ வராது. லிட்டருக்கு 1 கிராம் கார்பண்டசிம் பூஞ்சணக்கொல்லி கலந்த தண்ணியில அரை மணி நேரம் முக்கி, நிழல்ல ஆறவிட்டு, ஆனி ஆடியில நடணும். சால் ஒரு அடி ஆழம், அடியில மக்கின தொழுவுரம், கிழங்கைப் படுக்க வெச்சு மேல மூணு இஞ்ச் மண். நட்டுவெச்சா நிக்குமேன்னு செங்குத்தா சொருகுறவங்களும் இருக்காங்க, அது தப்பு.

மூலனூர் மேற்கு:
நுனியைக் காப்பாத்தி நட்டாச்சு, சரி. அப்புறம் கொத்தால வெட்டிடறாங்களே, அந்தக் கணக்கை எங்க எழுதறது?

முளை எல்லாம் ஒரே நாள்ல வராது. முதல் முளை வந்து மூணு நாலு வாரம் கழிச்சுக்கூட பக்கத்துக் கிழங்கு வெளிய தலை காட்டும். அதுக்குள்ள புல் முட்டிடும். காடு அழுக்கா இருக்குன்னு கொத்தை எடுத்து இறங்கினா, தரைக்கு ஒரு விரக்கடை கீழ வந்துக்கிட்டிருக்கிற முளை துண்டாகும். கொத்து நுனியில பச்சையும் வெள்ளையுமா ஒரு ஈரத்துண்டு ஒட்டியிருக்கும் பாருங்க, கிழங்கோட அந்தக் கைக்கு அந்த வருஷம் அவ்வளவுதான். முதல் களை கையாலதான். நடும்போதே கிழங்குக்கு ஒரு குச்சி சொருகிவெச்சா பிள்ளைங்ககூட தப்பு பண்ணாது.

மஞ்சவிரல்:
எல்லாரும் மண்ணுக்குள்ளயே நிக்கறீங்க. இந்தப் பயிர்ல காசு பூவுலதான், பூ காயானாத்தானே விக்க விதை.

ஆறரை மணிக்குப் போனா மகரந்தப்பை மூடியே இருக்கும். வெயில் லேசா ஏறினதும் நீளவாக்குல பிளந்து மஞ்சப்பொடி வெளிய வரும். அந்தப் பிளவு தெரியற நேரத்துக்குள்ள காட்டுக்குள்ள இருக்கணும். பதினொரு மணிக்கு மேல பொடி காஞ்சு உதிர ஆரம்பிச்சிடும்.

பூவைக் கவனிச்சுப் பாருங்க. தலைகீழா தொங்கும், ஆறு இதழும் மேல்நோக்கி வளைஞ்சிருக்கும், ஆறு மகரந்தத்தாளும் சுத்தி விரிஞ்சு நிக்கும். ஆனா காயாகப்போற பகுதியிலிருந்து நீளுற சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி, பக்கவாட்டுல நீட்டிக்கிட்டுப் போகும். தன் பொடி தன்மேல சுலபத்துல விழாது. அதனாலதான் ஆள் வெச்சு சேர்க்க வேண்டியிருக்கு. ஒரு செடியோட பொடியை ஆள்காட்டி விரல்ல தடவி எடுத்து, வேற செடியோட சூல்முடியில, அதாவது சூல்தண்டு நுனியில, வைக்கணும். முடி மூணாப் பிரிஞ்சிருக்கும், மூணுலயும் படணும். ஒண்ணுல மட்டும் பட்டா காய் ஒரு பக்கம் கோணலா வரும், விதையும் குறையும். காயில மூணு அறை இருக்கிறதை மறக்காதீங்க.

எந்தப் பூவைத் தொடணும்கிறதுதான் கஷ்டம். இதழ் பச்சை கலந்த மஞ்சளா இருக்கிற நாள்ல ஆரம்பிச்சு, மேல்பாதி சிவக்கிற வரைக்கும் தொடலாம். முழுசா ரத்தச்சிவப்பா ஆன பூ பார்க்க அழகு, ஆனா கையை வீணடிக்கும். தொட்ட பூவுக்கு ஒரு இதழ் நுனியைக் கிள்ளிவிட்டா மறுநாள் குழப்பமில்ல. கொடியில பூ கீழிருந்து மேல ஒவ்வொண்ணா விரியும், அதனால ஒரு நாள் வராம விட்டா அன்னிக்கு விரிஞ்ச பூ போச்சு. நட்டதுலருந்து ரெண்டு மாசத்துக்குள்ள பூ ஆரம்பிச்சா, அப்புறம் பல வாரத்துக்கு தினமும் இதே வேலைதான். பிள்ளைங்க இருக்கிற வீட்டுல ரெண்டு வரி முடிச்சுட்டுத்தான் பள்ளிக்கூடம். முதல் மணி அடிக்கும்போது பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற பிள்ளையோட ஆள்காட்டி விரல் இன்னும் மஞ்சளா இருக்கும். அந்த விரலோட மதியச் சாப்பாட்டுல கை வைக்கிறதுதான் உறுத்தல். சோப்புப் போட்டுக் கழுவ வெச்சுட்டுத்தான் அனுப்பணும்.

வேதாரண்யம் மணல்:
மஞ்சவிரல் சொல்றது சரிதான், ஆனா இத்தனை ஆள் தேவையா? காட்டைச் சுத்தி தேனீப்பெட்டி வைங்க. எங்க பக்கம் மணல் பூமி, வேலி ஓரமா தானா முளைச்சுக் கிடக்கிற கொடியெல்லாம் யாரும் தொடாமலே காய்க்குது.

மஞ்சவிரல்:
வேலியோரக் கொடியில பத்துப் பூவுக்கு எத்தனை காய்னு எண்ணிப் பாருங்க, அப்புறம் பேசுவோம். தேனீ சின்னது. இதழ் அடியில தேனைக் குடிச்சிட்டு, பக்கவாட்டுல நீட்டியிருக்கிற சூல்முடியைத் தொடாமலே கிளம்பிடும். இதுக்கு ரெக்கை அகலமான வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும்தான் தோது. அதுங்களைப் பெட்டியில வளர்க்க முடியாது. இன்னொண்ணு, பூ நேரத்துல பூச்சிமருந்து அடிக்கிற காட்டுல தேனீப்பெட்டி வெச்சா தேனீயும் மிஞ்சாது. மருந்து அடிச்சே ஆகணும்னா சாயங்காலம் அடிங்க. காலையில அடிச்சா அரைமணி கழிச்சு அதே பூவை வெறுங்கையால தொடப்போறது யாரு?

கருப்புப்புழு:
மருந்துன்னு சொன்னதும் ஞாபகம். கருப்பு உடம்புல வெள்ளையும் சிவப்புமா புள்ளி வெச்ச புழு, ஒரு ராத்திரியில இலையைத் தின்னுட்டு மொட்டுலயும் ஏறிடும். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது சுலபம், அதனால பொறுக்குறதுதான் மருந்தைவிட மலிவு. ஒரு டப்பாவுல சோப்புத்தண்ணி, குச்சியால தட்டிவிட்டா விழுந்துடும். முட்டையைப் பார்த்தா இலையோட கிள்ளுங்க. பொறுக்கி முடிச்சதும் அந்த டப்பாவைத் தண்ணித்தொட்டியில கழுவாதீங்க, மாடு குடிக்கிற தண்ணி அது.

விதைக்களம்:
வேலை தெரிஞ்சவங்களே பண்றதால இதைச் சொல்லியே ஆகணும். விதை காஞ்சிடுச்சான்னு பார்க்க ஒருத்தர் ஒண்ணை எடுத்துக் கடிச்சார். நிலக்கடலைக்கு, எள்ளுக்குப் பண்ற பழக்கம். பக்கத்துல உட்கார்ந்து தோல் உரிச்சுக்கிட்டிருந்த குழந்தையும் பார்த்துட்டு ஒண்ணை எடுத்து வாய்க்குக் கொண்டுபோச்சு. கையைத் தட்டிவிட்டதால தப்பிச்சது.

இந்த விதையில இருக்கிறது கால்சிசின். கவுட் மூட்டுவலி மருந்துக்காகத்தான் இதை வாங்குறாங்க, அளவு மீறினா அதே பொருள் கொல்லும். கிழங்குலயும் அதேதான். சர்க்கரைவள்ளின்னு நினைச்சு அவிச்சுத் தின்ன சம்பவம் இலங்கையில மருத்துவப் பதிவுகள்லயே இருக்கு. அவிச்சாலும் விஷம் போகாது. முதல் சில மணி நேரத்துலயே வாந்தி, வயித்துப்போக்குன்னு தொடங்கும். கொஞ்சம் அடங்கின மாதிரி தெரியும், அதை நம்பி வீட்டுல வெச்சுக்கிட்டா அடுத்தடுத்த நாள்ல சிறுநீரகமும் ரத்தம் ஊறுற மஜ்ஜையும் அடிவாங்கும். பிழைச்சவங்களுக்கு ரெண்டு மூணு வாரத்துல தலைமுடி கொத்துக்கொத்தா கொட்டும். தின்னது தெரிஞ்ச உடனே, வாந்தி வர்ற வரைக்கும் காத்திருக்காம, எந்தப் பொருள்னு கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

விதை காஞ்ச பக்குவம் பார்க்கக் கடிக்க வேண்டாம். ரெண்டு விதையை உள்ளங்கையில போட்டுக் குலுக்கினா கலகலன்னு சத்தம் வரணும், நகம் அழுத்தினா பதியக்கூடாது. காய் பச்சை மங்கித் தோல் லேசா சுருங்கினதும் பறிச்சு, நிழல்ல பரப்பி ஒரு வாரம் பத்து நாள் விட்டா தானா வெடிச்சு ஆரஞ்சுச் சிவப்பா விதை தெரியும். குவிச்சு வைக்காதீங்க, நடுவுல வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், வியாபாரி முதல்ல கைவிடறது குவியல் நடுவுலதான். பிரிச்ச விதையை இன்னும் ஒரு வாரம் நிழல்லயே, சிமெண்டுத் தளத்துல. விதை எடுத்த காயோட தொண்டும் (ஓடு) விலைபோகும், ஆனா விதையோட கலக்காதீங்க.

தோல் உரிக்கும்போது கையுறை. வியர்க்குதுன்னு கழட்டிட்டு அதே கையால கண்ணைத் தேய்க்கிறதை எத்தனை களத்துல பார்க்கலாம். விதைச்சாக்கை அரிசி மூட்டைப் பக்கத்துல வைக்கக்கூடாது. விதை அளந்த படிப் பாத்திரம் திரும்ப அடுப்படிக்குப் போகக்கூடாது. கழிச்சுப்போட்ட கொடியை ஆடு மேயிற இடத்துல போடக்கூடாது. விதை வீட்டுல இருக்கிற மாசம், சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுல பூட்டுப் போட்ட அறை கட்டாயம்.

செம்மண்காடு:
விதைக்களம் இப்படி நீளமா எழுதினது நல்லதுதான், ஆனா எங்க பக்கம் அதிக நஷ்டம் ஐப்பசி மழையில. இலைநுனியில பழுப்புப் புள்ளி வந்தா அன்னிக்கே பார்க்கணும். நாலு நாள் தள்ளினா கொடி மேலிருந்து கீழ வரை கருகி, பாதி முத்தின காயும் சேர்ந்து சுருங்கிடும். லிட்டருக்கு இரண்டரை கிராம் மேன்கோசெப் பூஞ்சணக்கொல்லி, மழை விட்ட அன்னிக்கு. தண்ணி நின்ன பாத்தியில கிழங்கும் அழுகும், அதுக்கு மேல தெளிச்சுப் பலனில்ல, வடிகாலை வெட்டிவிடுங்க.

மூலனூர் மேற்கு:
கருகுறதுக்குக் கொடி ஏத்துற கம்பியும் ஒரு காரணம். இலைநுனி சுருண்டு பத்துற மாதிரி இருக்கிறதால கொடி கிடைச்சதைப் பிடிச்சுக்கும். கம்பி பத்தலேன்னா ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நடுவுல காத்து போகாது. கம்பிக்குப் பதிலா கொடி ஏற கிளுவை மரப் போத்து நட்டவங்க மழைக்கு முன்னாடி கிளையைக் கழிச்சுவிடுங்க, நிழல் கூடினாலும் அதே கருகல்தான். தை மாசியில கொடி காஞ்சதும் தண்ணியை நிறுத்துங்க. கிழங்கு தூங்குற நேரம், அப்போ ஈரம் இருந்தா அடுத்த ஆனியில தோண்டிப் பார்க்கக் கூழ்தான் இருக்கும்.

வேதாரண்யம் மணல்:
பத்துப் பூவை எண்ணிப் பார்த்தேன். ரெண்டு காய். அதுல ஒண்ணு கோணல்.