நம் பணக்கஷ்டத்துக்குப் பெரியவர்கள்தான் காரணமா?

மேடவாக்கத்தான் கேட்டது:

வயது 27. 2021-ல் ஐ.டி.யில் சேர்ந்தேன், வருடத்துக்கு 3.5 லட்சம். அண்ணன் 2012-ல் இதே மாதிரி ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது 3.2. வாடகையும் இதே வேகத்தில் ஏறியிருந்தால் நான் இங்கே புலம்ப மாட்டேன்.

போன மாதம் வீடு மாறினேன். ஒற்றைப் படுக்கையறை, 13,000 வாடகை, பத்து மாத அட்வான்ஸ். அண்ணனிடம் கடன் வாங்கித்தான் கொடுத்தேன். வீட்டுக்காரர் வங்கியில் ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர்தான், காபி கொடுத்துத்தான் சாவியைத் தந்தார். கூடவே, "உன் வயசுல நான் மனையே வாங்கிட்டேன் தம்பி, நீங்க ஆர்டர் போட்டுச் சாப்பிட்டே தீர்த்துடுறீங்க" என்றார். 1994-ல் ஒரு கிரவுண்டு, இரண்டு லட்சத்துக்கும் கீழேயாம். இன்று அதில் மூன்று மாடி, மூன்று வாடகை, மேலே பென்ஷன். இவர்கள் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு நமக்கு அறிவுரையை மட்டும் விட்டு வைத்தார்கள் என்று தோன்றுகிறது. தப்பா?

பழைய வாத்தியார்:

தம்பி, மனை மலிவுதான், கடன் மலிவில்லை. நான் வீடு கட்டியபோது வட்டி 15 சதவீதம். 1978-ல் படிப்பு முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துப் புதுப்பித்து, 1986-ல்தான் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. நடுவில் இரண்டு தங்கைகள் கல்யாணம். உங்கள் பக்கமெல்லாம் அப்போது மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், ரோடே கிடையாது. அங்கே போய் மனை வாங்கியவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம்:

வாத்தியார் சொல்வது சரி, ஆனால் பாதிக் கதை. தமிழ்நாட்டில் 1.4.2003 முதல் அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றாக்கினார்கள். சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம். அதற்கு முந்தைய நாள் சேர்ந்தவருக்குப் பிடித்தமே இல்லாமல் கடைசிச் சம்பளத்தில் பாதி, அதன் மேல் பஞ்சப்படி. நான் 2005-ல் சேர்ந்தவன். என் பக்கத்து மேசைக்காரர் 2001. ஒரே வேலை, ஒரே டீக்கடை. வெட்டு விழுந்தது அன்றைக்கு அறையிலேயே இல்லாதவர்கள் மேல். அதனால்தான் அது சுலபமாக விழுந்தது.

தறிக்காரர் மகன்:

எல்லோரும் பென்ஷன் வீட்டுக் கதையே பேசுகிறீர்கள். என் அப்பாவுக்கும் அந்த வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டினார். பி.எஃப். கிடையாது. தறிச் சத்தத்தில் ஒரு காது போனதுதான் மிச்சம். ஊரில் இருந்த அரை ஏக்கரை விற்று என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். முதியோர் உதவித்தொகையே 2023-ல்தான் 1,200 ஆனது. மகன் சம்பாதிக்கிறான் என்று அந்த மனுவையும் திருப்பிவிட்டார்கள். இப்போது மாதாமாதம் நான் அனுப்பும் 8,000 தான் அவருடைய பென்ஷன். இவர் எதைச் சுருட்டினார்? வயதைப் பார்க்காதே, யாரிடம் பட்டா இருந்தது என்று பார். அந்த வீட்டுக்காரரின் மகன் உன் வயதுக்காரனாக இருக்கலாம். அவன் அட்வான்ஸ் கொடுக்கப் போவதில்லை, வாங்கப் போகிறான்.

அப்புறம் ஒன்று. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் முன்பணம் மூன்று மாத வாடகை என்றுதான் இருக்கிறது. அதற்கு மேல் நீயே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் பேசுவது கஷ்டம். பத்திரத்தை எடுத்துப் பார்.

மேடவாக்கத்தான்:

அந்த மகன் பெங்களூரில் இருக்கிறார். வாடகையே அவர் கணக்குக்குத்தான் போகிறது, இப்போதுதான் உறைக்கிறது. சட்ட விஷயம் யாருமே சொல்லவில்லை. பத்திரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, பணம் மட்டும் கொடுத்தாயிற்று. இந்த நிலையில் மீதி ஏழு மாதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?