ஸ்டென்ட் வைத்த பிறகு கோபத்தை எப்படிக் கையாள்கிறீர்கள்?

மாந்தோப்பு, சந்தூர்

எனக்கு 54 வயது. தை மாதம் மாரடைப்பு வந்து, ஆஞ்சியோ செய்து, இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரை, நடை, உப்புக் குறைத்த சாப்பாடு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கேழ்வரகுக் களியும் கீரையும் எங்கள் வீட்டில் என்றும் உள்ளவைதான். ஊறுகாயை மட்டும் விட வேண்டியிருந்தது. உடம்பு தேறிவருவது எனக்கே தெரிகிறது.

மனம் தேறவில்லை. தோப்பு முழுக்கப் பெங்களூரா ரகம். பெரும்பகுதி மாங்கூழ் ஆலைக்குத்தான் போக வேண்டும். ஆலைக்காரர்கள் விலை சொல்லாமல் இழுத்தடித்தால் காய் மரத்தில் காத்திருக்குமா? இதற்கு நடுவில் தம்பி வரப்பைத் தள்ளி வெட்டியிருக்கிறான். போனில் அவன் குரல் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, டென்ஷன் ஆகாதீர்கள் என்றார். ஆகாமல் இருப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. கோபப்படாதீர்கள் என்று மனைவி சொன்னால் அதற்கும் கோபம் வருகிறது. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். தத்துவம் வேண்டாம், செய்யக்கூடியது வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி

தம்பி, முதலில் ஒன்று. மாரடைப்புக்குப் பிறகு எரிச்சல், பயம், தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை எல்லாம் பலருக்கு வரும். இதய வார்டில் இருந்தபோது எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். மீசை முறுக்கிய ஆட்கள் போர்வைக்குள் அழுவார்கள். இது உங்கள் குணக்கேடு அல்ல.

கோபம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. கடும் கோபத்துக்குப் பின் இரண்டு மணி நேரம்வரை மாரடைப்பு அபாயம் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே அந்த நேரத்தில் வாக்குவாதத்தைத் தொடராதீர்கள், வண்டி எடுக்காதீர்கள். உட்காருங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். வெளியே விடும்போதுதான் துடிப்பு இறங்கும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு போதும். நெஞ்சு வலியோ, தாடைக்கும் கைக்கும் பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ வந்தால் மூச்சுப் பயிற்சி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 108.

மனம் லேசானதும் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் ரத்த அழுத்தத்தைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இரவில் மனம் அலைந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தக்காளி விவசாயி, பாலக்கோடு

அண்ணா, எனக்கும் ஸ்டென்ட் உண்டு. எங்கள் ஊர் மண்டியில் தக்காளி விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அதைப் பார்த்துத் துள்ளியே பாதி உயிர் போனது. இப்போது விலை கேட்கும் போனை என் மகள் எடுக்கிறாள். கீழே போகக் கூடாத விலை எது என்று முதல்நாள் இரவே உட்கார்ந்து தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். பறிப்புக்கூலி, வண்டி வாடகை எல்லாம் கணக்கிட்டு. அதற்கு மேல் வந்தால் அவளே பேசி முடிப்பாள். நான் கோபத்தை அடக்கவில்லை அண்ணா, கோபம் வரும் நேரத்தில் முடிவெடுக்கும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தது.

வரப்பு, ஊத்தங்கரை

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் அமைதி என்ற பெயரில் நிலத்தை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். என் அப்பா அப்படி விட்டார். கடைசிவரை அதை நினைத்து நினைத்தே உருகினார். நில அளவைக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பம் கொடுங்கள். பக்கத்து நிலத்தாருக்கும் அறிவிப்பு போகும். சர்வேயர், நிலத்தின் எல்லை அளவுகள் உள்ள புலப்படத்தை வைத்து அளப்பார். உங்கள் தம்பியோடு நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை.

மாந்தோப்பு, சந்தூர்

அக்கா, போர்வைக்குள் அழுவார்கள் என்று எழுதியதைப் படித்ததும் மனைவியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பாலக்கோட்டுத் தம்பி சொன்ன கணக்கை நேற்றிரவே போட்டேன். காய் பறிக்கும் கூலி மட்டும் எவ்வளவு தின்கிறது என்று எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலையிலிருந்து ஆள் வருகிறார். பெரியவன் பேசட்டும், தாள் அவன் கையில் இருக்கும். நான் அந்த நேரத்தில் காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டில் இருப்பேன்.

அளவை யோசனைக்கு நன்றி. ஒரு சந்தேகம்: பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில்தான் இருக்கிறது. முதலில் பெயர் மாற்றிவிட்டுத்தான் அளவைக்குக் கொடுக்க வேண்டுமா, இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாமா?