மகளின் சென்சார் அளவை நம்பி இன்சுலின் தரலாமா?

கேள்வி: குறிஞ்சி

எங்கள் மகளுக்கு வயது ஒன்பது. முதல் வகை நீரிழிவு என்பதால் நாள்தோறும் நான்கு வேளை இன்சுலின் ஊசி போடுகிறோம். விரல் நுனியில் குத்திப் பார்ப்பதற்குப் பதிலாக, கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாருக்கு மாறலாம் என மருத்துவர் கூறியுள்ளார். உறக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற அச்சத்தில் நானும் என் கணவரும் இரவில் மாறி மாறி விழித்திருக்கிறோம். சென்சார் காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் அளவை முடிவு செய்யலாமா, அவள் பள்ளியில் இருக்கும்போது அந்த எண்ணை நாங்கள் வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா, ஊசிக்குப் பதிலாக உடலில் தொடர்ந்து இன்சுலின் செலுத்தும் கருவியான இன்சுலின் பம்ப்பைத் தானாக இயக்கும் மென்பொருளைச் சிலர் தாங்களே நிறுவிக்கொள்கிறார்களாமே, அது பாதுகாப்பானதா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: செவ்வந்தி

சகோதரி, என் மகனும் முதல் வகை நீரிழிவு உள்ளவன், சென்சார் அணிந்திருக்கிறான். சென்சார் இரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே உள்ள நீர்மத்தில் இருக்கும் சர்க்கரையை அளக்கிறது. அதனால் அதன் எண், இரத்தத்தில் உள்ள அளவைவிட ஏறத்தாழ 5 முதல் 15 நிமிடம் பின்தங்கியே வரும். சர்க்கரை நிலையாக இருக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. சாப்பிட்ட பிறகும் ஓடி விளையாடும்போதும் நன்றாகத் தெரியும். ஆகவே எண்ணுடன், சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று அருகில் காட்டும் அம்புக்குறியையும் சேர்த்தே படியுங்கள். கிடையான அம்புடன் 110 காட்டினால் கவலையில்லை. அதே 110 கீழ்நோக்கிய அம்புடன் விளையாட்டு நேரத்தில் வந்தால், குழந்தைக்கு உடனே ஏதேனும் சாப்பிடக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பின்தங்கல் இன்னொரு சிக்கலையும் தரும். சர்க்கரை இறங்கியதும் குளுக்கோஸ் கொடுத்துவிட்டுச் சென்சாரையே பார்த்துக்கொண்டிருந்தால், இரத்தத்தில் அளவு ஏறிய பிறகும் அது சிறிது நேரம் குறைவாகவே காட்டும். பயந்து மேலும் மேலும் கொடுத்தால் பிறகு 250-ஐத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்ப்பதே சரி. குழந்தை சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தாலும் பொய்யாகக் குறைந்த அளவு காட்டும். உடலில் தெரியும் அறிகுறியும் எண்ணும் ஒத்துப்போகாத எந்த நேரத்திலும் குளுக்கோமீட்டரையே நம்புங்கள்; ஸ்ட்ரிப்புகள் வீட்டில் தீர்ந்துபோக விடாதீர்கள்.

பதில்: நிரலாளன்

தொலைவிலிருந்து பார்க்க வழி உண்டு. சென்சார் அளவைப் பெறும் கைபேசி குழந்தைக்குச் சில மீட்டர் தொலைவுக்குள் இருந்து, அதில் இணையமும் இருந்தால், அந்த எண் உங்கள் கைபேசிக்கு வந்துவிடும். இன்று பல நிறுவனங்களின் செயலிகளிலேயே இருக்கும் இந்த வசதி, பெற்றோரும் நோயாளிகளும் போராடி உருவாக்கியது. 2013இல் அமெரிக்கப் பொறியாளர் ஜான் காஸ்டிக், தம் சிறு மகனின் சென்சார் அளவுகளை இணையத்திற்கு அனுப்ப ஒரு நிரல் எழுதினார். அதிலிருந்து பலர் கூடி வளர்த்ததே, சென்சார் அளவைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் நைட்ஸ்கவுட் மென்பொருள். உறக்கத்திலிருந்து தம்மை எழுப்பும் அளவுக்குச் சென்சாரின் அலாரம் ஒலிக்கவில்லை என்று தவித்த, முதல் வகை நீரிழிவு உள்ள டானா லூயிஸ் என்ற பெண், காஸ்டிக்கின் நிரலைப் பெற்று உரத்த அலாரம் அமைத்தார். அந்த முயற்சி வளர்ந்து, பம்ப்பைத் தானாக இயக்கும் ஓப்பன்ஏபிஎஸ் திட்டமாக 2015இல் வெளிவந்தது.

அத்தகைய மென்பொருள் 5 நிமிடத்திற்கு ஒருமுறை சென்சார் அளவைப் படித்து, உடலில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் இன்சுலினையும் கணக்கிட்டு, பம்ப்பின் அளவைக் கூட்டும் அல்லது குறைக்கும். நியூசிலாந்தில் 7 முதல் 70 வயது வரையிலான 97 பேரிடம் 24 வாரம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், இதைப் பயன்படுத்தியவர்களுக்குச் சர்க்கரை சரியான எல்லைக்குள் இருந்த நேரம், மற்றவர்களுடன் ஒப்பிட 14 சதவீதப் புள்ளிகள் மேம்பட்டது. ஆனாலும் உணவின் மாவுச்சத்தைப் பொதுவாக நாமே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். தாமே நிறுவுபவர் பழுதுக்கும் தாமே பொறுப்பு. உங்கள் மகள் ஊசியில் இருப்பதால் இப்போது அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

குறிஞ்சி:

இருவருக்கும் மிக்க நன்றி. பள்ளியில் கைபேசிக்கு அனுமதி இல்லை. அலாரத்தை எந்த அளவில் வைப்பது என்றும் கூறுங்கள்.

பதில்: செவ்வந்தி

மருத்துவரிடம் கடிதம் பெற்று, கைபேசியை வகுப்பாசிரியரிடம் வைக்க அனுமதி கேளுங்கள். அது மருத்துவக் கருவியின் ஒரு பகுதி என்று விளக்கினால் பெரும்பாலான ஆசிரியர்கள் புரிந்துகொள்வார்கள். குறைந்த அளவு அலாரத்தை 70-க்குச் சற்று மேலே, 80 அளவில் வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதிக அளவு அலாரத்தைத் தொடக்கத்தில் தளர்வாகவே வையுங்கள். ஓயாமல் ஒலிக்கும் அலாரத்தை அணைத்துவைக்கும் வீடுகளில், உண்மையில் சர்க்கரை இறங்கும் இரவு தெரியாமலே போய்விடும்.

பதில்: மருந்தகர்

ஒரு நாள் எண்ணைப் பார்த்து இன்சுலினை மாற்றாமல், சென்சாரின் 14 நாள் அறிக்கையை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். 70 முதல் 180 வரையிலான எல்லைக்குள் 70 சதவீதத்திற்கு மேல், அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம் இருப்பதும், 70-க்குக் கீழே 4 சதவீதத்திற்குள், அதாவது நாளுக்கு ஒரு மணி நேரத்திற்குள் இருப்பதும் பொதுவான இலக்கு. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் இரவு நேர இறக்கங்கள் தெரியா. ஆண்டு முழுவதும் சென்சார் வாங்க இயலாவிட்டால், மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் அணிவித்தாலும் அந்த அறிக்கை கிடைத்துவிடும்.