மாடிப்படிக்கு அடியில் சாய்வான சப்வூஃபர் பெட்டி: என் கணக்கு சரியா?

சாக்பீஸ்:

தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன், கணக்குப் பாடம். பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஓசைக்கான ஸ்பீக்கர்) ஒன்று வாங்கி ஆறு மாதமாக அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. முன்னறையில் இன்னொரு மரப்பெட்டி வந்தால் அதோடு நானும் வாசலில்தான் படுக்க வேண்டும் என்று வீட்டம்மா சொல்லிவிட்டார். எனக்கு ஒதுக்கப்பட்டது மாடிப்படிக்கு அடியில், அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் மூலை.

படியின் அடிப்பாகம் எப்படிச் சரிகிறதோ அப்படியே பெட்டியின் மேல்பக்கமும் சரிய வேண்டும். சுவர்ப் பக்கம் உயரம் 60 செ.மீ., எதிர்ப்பக்கம் 20 செ.மீ., நீளம் 50, அகலம் 38. சரிவகச் சூத்திரப்படி (60+20)/2 × 50 × 38 = 76,000 கன செ.மீ., அதாவது 76 லிட்டர். ஸ்பீக்கரோடு வந்த தாளில் எஃப்.எஸ். (ஸ்பீக்கர் தானாக அதிரும் அலைவெண்) 28 ஹெர்ட்ஸ், கியூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்காமல் நீள்கிறது என்ற அளவு) 0.50, வி.ஏ.எஸ். (கூம்பைத் தாங்கும் பகுதியின் விறைப்புக்கு ஈடான காற்றின் அளவு) 60 லிட்டர் என்று போட்டிருக்கிறது.

சதுரமாக இல்லாத பெட்டியில் ஓசை கெட்டுவிடாதா? பெட்டியை மூடாமல், துளையிட்டுக் காற்றுக்குழாய் வைக்கலாமா? எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நல்லதா, பிளைவுட்டா? என்னிடம் இருப்பது ஒரு ட்ரில்லும், இரவல் வாங்கிய ஜிக்சாவும்தான்.

ஊர்வாசி2:

இவ்வளவு பாடு எதற்கு? கடையில் ஆயத்தப் பெட்டி கிடைக்கிறதே.

சாக்பீஸ்:

கிடைக்கிறது, சதுரமாக. என் படிக்கட்டு சாய்வாக இருக்கிறது.

பழைய மைக்செட்:

சார், கோவில்பட்டிப் பக்கம் முப்பது வருடம் ஒலிபெருக்கி நிலையம் நடத்தியவன் நான். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் போன பெட்டிகளையெல்லாம் என் கையாலேயே அடித்தேன். பெரும்பாலும் கண் மதிப்புதான். பெட்டிக்குக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லேயே அதை எழுதிவிட்டார், பிறகு ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார் என்பதெல்லாம் தொழிலை விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் தாளில் இருக்கும் மூன்று எண்களும் அவர்கள் வழியில் வந்தவைதான். எத்தனை பலகையை வீணாக்கியிருக்கிறேன் என்று இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சாய்வைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். 40 ஹெர்ட்ஸ் ஓசையின் ஒரு அலை எட்டரை மீட்டருக்கு மேல் நீளம். உங்கள் பெட்டியின் மூலைக்கு மூலை அளந்தாலும் ஒரு மீட்டர் வராது. அவ்வளவு பெரிய அலைக்கு அந்தப் பெட்டி சதுரமா, சரிவகமா, பானையா என்று தெரியவே தெரியாது. உள்ளே எத்தனை லிட்டர் காற்று, அது வெளியே கசிகிறதா என்ற இரண்டும்தான் அதற்குத் தெரியும்.

அந்த லிட்டரில்தான் கணக்கு வாத்தியார் சறுக்கியிருக்கிறீர்கள். 76 என்பது பெட்டியின் வெளி அளவு. பலகை 18 மி.மீ. என்றால் அகலம் 34.4 ஆகிவிடும், நீளம் 46.4. உயரத்தில் கீழ்ப்பலகைக்கு 1.8 போகும். மேல்பலகை சாய்ந்து நிற்பதால் செங்குத்தாக அளந்தால் அதன் தடிமன் 2.3 வரும். ஆக சராசரி உயரம் 40 இல்லை, 35.9. பெருக்கிப் பாருங்கள்: 57 லிட்டர்தான் தேறும். ஸ்பீக்கரின் காந்தமும் உள்கட்டைகளும் மூன்று லிட்டருக்குக் குறையாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். மிச்சம் 54.

இனி நல்ல செய்தி. 60-ஐ 54-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.50-ஆல் பெருக்குங்கள். 0.73 வரும். பெட்டிக்குள் போன பிறகு ஸ்பீக்கருக்கு வரும் கியூ அதுதான். மூடிய பெட்டிக்கு 0.707 சரியான அளவு என்பார்கள், இந்த வித்தியாசத்தைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சை உள்ளே தளர்வாக நிரப்பினால் காற்று கொஞ்சம் கூடின மாதிரியே நடந்துகொள்ளும், அந்தக் குறையும் தீரும். தப்பான கணக்கு சரியான பெட்டியில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. மாணவர்களிடம் சொல்லாதீர்கள்.

காற்றுக்குழாய் வேண்டாம். 35 ஹெர்ட்ஸுக்கு நான்கு அங்குலக் குழாய் வைத்தால் ஏறக்குறைய 29 செ.மீ. நீளம் தேவை. 34 செ.மீ. அகலத்துக்குள் அதை நுழைத்தால் வாய் எதிர்ச்சுவரை முட்டிக்கொண்டு நிற்கும். அதோடு கியூ.டி.எஸ். 0.50 உள்ள ஸ்பீக்கர் மூடிய பெட்டிக்கே பொருந்தும். குழாய் வைத்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே 'தொம் தொம்'தான்.

ஸ்பீக்கரை 20 செ.மீ. பக்கத்தில் வைக்க முடியாது என்று கவனித்தீர்களா? சரிவகமாகத் தெரியும் பக்கப்பலகையில், உயரமான முனையை ஒட்டி வையுங்கள். அந்தப் பலகையை மட்டும் இரட்டையாக ஒட்டுங்கள், இரண்டாவதை வெளிப்பக்கமாக.

உளி:

தச்சு வேலை பார்க்கிறேன். மைக்செட் அண்ணன் கணக்கைச் சொல்லிவிட்டார், பலகையை நான் சொல்கிறேன்.

கடலோர ஊரில், மாடிப்படிக்கு அடியில், தினமும் தரை துடைக்கும் வீட்டில் எம்.டி.எஃப். வேண்டாம் சார். ஈரம் ஏறினால் ஓரம் ரொட்டி மாதிரி ஊதிவிடும், பிறகு திரும்பாது. ஐ.எஸ். 710 என்று முத்திரை போட்ட 18 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்குங்கள். எட்டுக்கு நான்கு அடி ஷீட்டில் பாதி போதும்.

கோணம் வெட்டுவதில்தான் புதியவர்கள் தோற்றுப்போகிறார்கள். அதனால் கோணத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். இரண்டு சரிவகப் பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து கிளாம்ப் போட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெட்டு கோணலாகப் போனாலும் இரண்டும் ஒரே கோணலாக இருக்கும், அது போதும். பிறகு உள்பக்கத்தில் விளிம்பிலிருந்து 18 மி.மீ. தள்ளி, சுற்றிலும் இரண்டு செ.மீ. ரீப்பர் கட்டையைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு அடியுங்கள். மற்ற நான்கு பலகைகளும் அந்த ரீப்பர்மேல் உட்கார்ந்துகொள்ளும். சாய்வுப் பலகை சேரும் இரண்டு முனைகளிலும் மட்டும் ஜிக்சாவின் அடித்தகட்டை 39 டிகிரி சாய்த்து வெட்டுங்கள். இடைவெளி விழுந்தால் மரத்தூளைப் பசையில் குழைத்து அடையுங்கள். ஸ்க்ரூவுக்கு முன் சிறு துளை போடாவிட்டால் பிளைவுட்டின் ஓரம் பிளந்துவிடும்.

பக்கப்பலகைகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்குக்கட்டை கொடுங்கள். பலகை அதிர்ந்தால் அது பெட்டி இல்லை, பறை.

பழைய மைக்செட்:

இவர் சொல்வதுதான் சரி. கசிவு பார்க்க ஊதுபத்தி போதும். தாழ்ந்த ஓசையை ஓடவிட்டு மூட்டுகள் ஓரமாகப் புகையைக் காட்டுங்கள். புகை துடித்தால் அங்கே ஓட்டை. உள்மூட்டுகளில் சிலிகான் பூசினால், புளித்த வாடை முழுக்கப் போகும்வரை ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். அது விடும் ஆவி உலோகத்தை அரிக்கும்.

சாக்பீஸ்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பெட்டி முடிந்தது.

லிட்டரில் ஒருமுறை அவமானப்பட்டதால், ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன் உள்ளளவை நேரடியாக அளந்துவிடலாம் என்று மொட்டைமாடியில் தெர்மோகோல் உருண்டைகளைப் பத்து லிட்டர் வாளியால் கொட்டினேன். ஆடி மாதம். அம்மியே பறக்கும் காற்றில் தெர்மோகோல் எம்மாத்திரம்? பக்கத்து வீட்டு வற்றல் பாயில் இருந்ததையும் பொறுக்கி எண்ணியதில் ஐந்தரை வாளி வந்தது. மைக்செட் அண்ணன் சொன்ன கணக்கோடு ஒத்துப்போகிறது. வற்றலுக்கு உரியவர்தான் இன்னும் பேசவில்லை.

ஜிக்சா சுற்றி வெட்டிய வட்டம் வட்டமாக வரவில்லை, ஓரிடத்தில் அரை செ.மீ. உள்ளே போய்விட்டது. மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஸ்பீக்கரின் விளிம்பு அதை மறைத்துவிடும், நீங்கள் மூவரும் காட்டிக்கொடுக்காவிட்டால். ஊதுபத்தி இரண்டு இடத்தில் துடித்தது. இரண்டும் வயர் வெளியே வரும் துளைக்கு அருகில்.

நான் எதிர்பார்க்காத சிக்கல் வேறு. பெட்டியை மூலைக்குள் தள்ளினால் இரண்டு விரல்கடை வெளியே நின்றது. படியின் சரிவை ஒரே இடத்தில் அளந்திருந்தேன். கொத்தனார் பூசிய சாந்து நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. அடியில் ஒட்டியிருந்த தடித்த ரப்பர் கால்களைக் கழற்றிவிட்டு, பழைய லாரி டியூபை வெட்டி மெல்லிய துண்டுகளாகப் போட்டேன். உரசிக்கொண்டே உள்ளே போயிற்று.

மிருதங்கத்தின் தொப்பி ஓசை இத்தனை நாள் என் வீட்டில் இல்லவே இல்லை என்பது முதல் கச்சேரியிலேயே தெரிந்தது. வீட்டம்மாவும் நின்று கேட்டார். ஆனால் 47 ஹெர்ட்ஸுக்கு வந்தால் மட்டும் அரிசி டிரம்மின் மூடி தனி ஆவர்த்தனம் வாசிக்கிறது. டிரம்மை நகர்த்த அனுமதி இல்லை. என்ன செய்வது?

பழைய மைக்செட்:

லாரி டியூப் மிச்சம் இருக்கிறதா? மூடியின் உள்விளிம்பில் ஒரு வளையம் வெட்டிப் போடுங்கள்.