பல் பிடுங்கியாச்சு, இம்பிளான்ட் வைக்கச் சொல்கிறார்கள். எப்படி இருக்கும்?

தையல்_செல்வி, தண்டையார்பேட்டை

வணக்கம். வயது 44, வீட்டிலேயே தையல் வேலை. கீழ் வலது கடைவாய்ப் பல்லுக்கு ஏழெட்டு வருடம் முன்பு ரூட் கெனால் செய்து கேப் போட்டிருந்தேன். போன ஞாயிறு காசிமேட்டு நண்டு. அதன் காலை நான் கடித்ததும் 'டக்' என்றது. உடைந்தது ஓடு என்றுதான் நினைத்தேன். வேர் வரைக்கும் விரிசல் என்று டாக்டர் வியாழக்கிழமை பல்லைப் பிடுங்கிவிட்டார். மூன்று மாதம் கழித்து இம்பிளான்ட் வைக்கலாம் என்கிறார். எலும்பில் துளை போட்டு ஸ்க்ரூ வைத்து, அதன் மேல் பல் மாட்டுவார்களாமே, நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. தை மாதம் அக்கா மகள் கல்யாணம். அதற்குள் பல் வந்துவிடுமா? எத்தனை நாள் மிஷினில் உட்கார முடியாது? சுகர் மாத்திரை வேறு போடுகிறேன். வைத்துக்கொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

லோகோ_பிட்டர், பெரம்பூர்

தங்கச்சி, நான் லோகோ ஒர்க்ஸில் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். போன வருடம் கீழ் இடது பக்கம் ஒன்று வைத்துக்கொண்டேன்.

உங்களுக்குப் பயம் ஸ்க்ரூ மேல். இப்போது பார்த்துக்கொள்ள வேண்டியது பிடுங்கிய குழியை. அதில் உறைந்திருக்கும் ரத்தம்தான் மருந்தும் கட்டும். எனக்குப் பிடுங்கிய மூன்றாம் நாள், வலிதான் இல்லையே என்று பட்டாளம் மார்க்கெட் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு சிகரெட்டும் இழுத்தேன். அன்று ராத்திரி காதுக்குள் ஊசி ஏறியது. ரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறதாம், 'டிரை சாக்கெட்' என்றார்கள். கிராம்பு வாசனை அடிக்கும் மருந்தைக் குழிக்குள் வைத்த பிறகுதான் தூங்கினேன். ஸ்ட்ரா வேண்டாம், காறித் துப்ப வேண்டாம். உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து, தானாக வழிய விடுங்கள்.

இம்பிளான்ட் அன்று பட்டது அதில் பாதி கூட இல்லை. முதலில் ஒரு ஸ்கேன். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பைத் திரையில் காட்டி, அதற்கு மேலே 2 மில்லிமீட்டராவது விட்டுத்தான் நிறுத்துவோம் என்றார் டாக்டர். எனக்கு வைத்தது டைட்டானியம், 10 மில்லி நீளம், 4 மில்லி தடிமன். மரத்துப்போக ஊசி மட்டும்தான், மயக்கம் கிடையாது. டிரில் ஓடும்போது வலி இல்லை. அதிர்வு உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் நம் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி. சின்ன பிட், அடுத்து கொஞ்சம் பெரியது என்று மாற்றி மாற்றிப் போட்டார், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே. எலும்பு சூடேறினால் செத்துவிடுமாம். நாங்கள் இரும்பில் துளை போடுவதும் அப்படித்தான். கூலன்ட் இல்லாமல் போட்டால் மேஸ்திரி வைவார். கடைசியில் உள்ளங்கை அளவு ராட்செட் ஒன்றை மாட்டி முறுக்கினார். 'க்ளக்' என்று மடங்கியது. டார்க் ரெஞ்ச், குறித்த அளவு இறுகியதும் மடங்கிக்கொள்ளும்! வாயில் பஞ்சோடு, எவ்வளவு இறுக்கம் என்று கையாலேயே கேட்டேன். சிரித்துவிட்டு, 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்றார். நான் முப்பது வருடம் பிடித்த ரெஞ்சின் பேரன் என் வாய்க்குள்.

மொத்தம் முக்கால் மணி. இரண்டாம் நாள் வீக்கம் அதிகம், எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். நான் மூன்றாம் நாளே பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். நீங்களும் இரண்டு மூன்று நாள் மிஷினை மூடி வைத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் காத்திருப்பு. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிப் பிடிக்க எனக்கு மூன்று மாதம். மேல் தாடை என்றால் இன்னும் கூட ஆகுமாம். கான்கிரீட் போட்ட மறுநாளே சென்ட்ரிங் பிரிப்போமா? இப்போது ஐப்பசி. தையில் ஸ்க்ரூ, சித்திரையில் பல். கல்யாணத்துக்கு வராது. என்னைக் கேட்டால் ஸ்க்ரூவையே கல்யாணம் முடிந்த பிறகு வையுங்கள். போட்டோவில் ஒரு கன்னம் மட்டும் இட்லியாக இருக்க வேண்டாம்.

கல்மண்டபம்_வாசி

எதற்கு இவ்வளவு? நான் பிரிட்ஜ் போட்டேன், பக்கத்துப் பற்கள் மேல் பாலம் மாதிரி நிற்கும் பல், பத்து நாளில் முடிந்தது. ஆனால் ஒன்று, இரண்டு பக்கமும் இருந்த நல்ல பல்லை ராவிவிட்டார்கள். அதில் ஒன்று இப்போது ஐஸ் வாட்டர் பட்டால் கூசுகிறது.

ஓட்டேரி_சிஸ்டர்

பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். செல்வி அக்கா, சுகர் இருந்தால் இம்பிளான்ட் கூடாது என்றில்லை. கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால்தான் புண் ஆறவும் எலும்பு பிடிக்கவும் சிரமம். மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்துக்கொண்டு போங்கள். எலும்புத் தேய்மானத்துக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். விலை கேட்கும்போது ஸ்க்ரூ, நடுவில் வரும் அபட்மென்ட், மேலே வைக்கும் பல் மூன்றும் சேர்த்தா என்று கேளுங்கள், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஸ்க்ரூ டப்பாவில் கம்பெனி பெயரும் நம்பரும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும், அதை வாங்கி பைலில் ஒட்டி வையுங்கள். இன்னொரு கருத்து வேண்டுமென்றால் கோட்டை ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தையல்_செல்வி

அண்ணா, சிஸ்டர், ரொம்ப நன்றி. டெஸ்ட்டுக்கு நாளைக்கே போகிறேன். இட்லிக் கன்னம் வேண்டாம், மாசியில் வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் ஒன்று கேட்கச் சொன்னார்: அதற்குப் பிறகு நண்டு?

லோகோ_பிட்டர்

நண்டு உண்டு. ஓட்டைக் கடிப்பது கிடையாது. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி நார் இருக்கும், எவ்வளவு அழுத்துகிறோம் என்று அதுதான் சொல்லும். இம்பிளான்டுக்கு அது இல்லை. எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு அன்றைக்கு என் தட்டுப் பக்கத்தில் பாக்குவெட்டி இருக்கும்.