மே 28, நூப்ரா மூன்று ஹெலிகாப்டர்: ஃபிளைட் லெப்டினன்ட் முகிலன் நினைவாக, தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுதுங்கள்

கணக்கு_டீச்சர்

ஜூலை 26 கார்கில் வெற்றி நாளுக்குப் பள்ளி வராந்தாவில் ஒரு பலகை வைக்கிறோம். எழுதி வைத்திருக்கும் வாசகம் இது: "1999 மே 27 அன்று கார்கிலில் போர் ஹெலிகாப்டரை ஓட்டிச் சென்று எதிரிகளைத் தாக்கியபோது வீரமரணம் அடைந்த விமானி முஹிலன்."

பெயின்டரிடம் கொடுக்கும் முன் பிழை இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகள் சும்மா விட மாட்டார்கள். ஏன் தப்பிக்க முடியவில்லை, குதிக்க முடியாதா என்றெல்லாம் கேட்பார்கள். அதற்கும் சரியான பதில் வேண்டும். விஷயத்தை மட்டும் எழுதினால் பெரிய உதவி.

வரைபடம்

டீச்சர், தேதியே தவறு. மே 28. இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது, காரணமும் உண்டு. மூன்று நாளில் அடுத்தடுத்து நடந்தவை இவை.

விமானப்படையின் 'சஃபேத் சாகர்' நடவடிக்கை மே 26 காலை தொடங்கியது. மே 27 அன்று இரண்டு போர் விமானங்களை இழந்தோம். மிக்-27 எஞ்சின் அணைந்து, ஃபிளைட் லெப்டினன்ட் நச்சிகேதா வெளியே குதித்துப் பிடிபட்டார். மிக்-21 ஏவுகணையில் அடிபட்டு, ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜா உயிரிழந்தார். முகிலன் போன எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஏவுகணையில் அடிபட்டு வீழ்ந்தது மறுநாள், மே 28. மூன்றும் அடுத்தடுத்து நடந்ததால் எல்லாம் ஒரே நாள் என்று மனதில் பதிந்துவிட்டது.

இடம்: திராஸ் பகுதியில் டோலோலிங் மலை. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலையை நேராகக் கீழே பார்க்கிற மலை அது. உச்சியில் உட்கார்ந்தவன் சாலையில் போகிற ஒவ்வொரு லாரியையும் எண்ணலாம், பீரங்கிக்கு இலக்கு சொல்லலாம். அதனால்தான் முதலில் அதை மீட்டாக வேண்டியிருந்தது. திராஸ் ஊரே 3,200 மீட்டர் உயரம். டோலோலிங்கை ஒட்டிய முகடு ஒன்றின் பெயரே 'பாயின்ட் 4590', அதாவது 4,590 மீட்டர். தரைப்படை டோலோலிங்கைக் கைப்பற்றியது ஜூன் 13. முகிலன் குழு பறந்தது அதற்கு 16 நாள் முன்பு, எதிரி முழுப் பலத்தோடு மேலே இருந்தபோது.

இன்னொன்று. பலகையில் ஒரே ஒரு பெயர் இருக்கிறது. அந்த ஹெலிகாப்டரில் நான்கு பேர்.

வலது_சீட்

"போர் ஹெலிகாப்டர்" என்பதையும் மாற்றுங்கள் டீச்சர். எம்ஐ-17 ஆளும் சாமானும் ஏற்றுகிற வண்டி. தலைக்கு மேலே சுற்றும் ஐந்து இறக்கை ரோட்டர், விட்டம் 21 மீட்டருக்குச் சற்று மேல், இரண்டு டர்பைன் எஞ்சின், அதிகபட்ச எடை 13 டன். தாக்குதலுக்கென்றே கட்டிய எம்ஐ-25, எம்ஐ-35 படையில் இருந்தன. கவசம் சுமந்த அந்த ஹெலிகாப்டர்களால் அந்த உயரத்தில் வேலை செய்ய முடியாது. அதனால் எம்ஐ-17-இன் பக்கவாட்டுத் தாங்கிகளில் 57 மில்லிமீட்டர் ராக்கெட் குடுவைகளை மாட்டினார்கள். நான்கு குடுவை, ஒன்றுக்கு 32 என்றால் மொத்தம் 128 ராக்கெட்.

முகிலன் துணை விமானி. கேப்டன் ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர். ரஷ்ய வடிவமைப்பில் கேப்டன் இடது சீட், துணை விமானி வலது சீட், இருவருக்கும் நடுவில் சற்றுப் பின்னால் மடக்கு சீட்டில் ஃபிளைட் எஞ்சினியர். குறி பார்த்துச் சுடுவது கேப்டன். அவர் கண் இலக்கை விட்டு நகரக் கூடாது. அந்த நேரத்தில் உயரம், வேகம், ரோட்டர் சுற்று, முகடு எவ்வளவு பக்கம், முன்னே போகிற ஹெலிகாப்டர் எங்கே என்று மீட்டரையும் மலையையும் மாறி மாறிப் பார்த்து வாய்விட்டுச் சொல்வது வலது சீட்டின் வேலை. கேப்டனுக்கு அடிபட்டால் அந்த நொடியே பொறுப்பை எடுக்கவும் கை தயாராக இருக்க வேண்டும். துணை விமானி என்றதும் 'கூடப் போனவர்' என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

அந்த உயரத்தில் என்ன கஷ்டம் என்பதற்குக் கணக்கு டீச்சருக்கு ஏற்ற கணக்கு இருக்கிறது. 4,600 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 63 சதவீதம்தான். வேகமானி காற்று மோதும் அழுத்தத்தை வைத்துத்தான் வேகம் காட்டும். அது மணிக்கு 200 கிலோமீட்டர் என்று காட்டும்போது உண்மையில் ஓடுவது 250. திரும்பும்போது வட்டம் எவ்வளவு விரியும் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே சமவெளியில் செய்த அதே சாய்வில் திரும்பினால், வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 60 சதவீதம் கூடிவிடும். பள்ளத்தாக்கு அதற்காக அகலப் போவதில்லை.

சாய்வைக் கூட்டித் திரும்பலாமே என்றால், அதற்கு ரோட்டர் கூடுதல் தூக்குவிசை தர வேண்டும். மெல்லிய காற்றில் எஞ்சின் சக்தியும் குறைவு, இறக்கைக்குப் பிடிமானமும் குறைவு. தூக்குவிசையைக் கூட்டும் கலெக்டிவ் நெம்புகோலை மேலே இழுத்தால் ஒரு கட்டத்துக்கு மேல் ரோட்டர் சுற்று விழும். சுற்று விழுந்தால் வால் ரோட்டரும் பலவீனமாகி, மூக்கு தானாகத் திரும்பத் தொடங்கும். தாக்கிவிட்டு விலகும் அந்தச் சில நொடிகளில் விமானிக்குக் கையிருப்பு சக்தி என்று பெரிதாக எதுவும் கிடையாது.

ராக்கெட்டிலும் இதே தொல்லை. காற்றின் தடை குறைவதால் பழக்கப்பட்ட இடத்தைத் தாண்டிப் போய் விழும். சமவெளியில் பழகிய குறி அங்கே பொய்யாகிவிடும். இலக்கோ கல்லை அடுக்கிக் கட்டிய சின்னப் பதுங்குமிடம், அதுவும் முகட்டின் விளிம்பில். சில மீட்டர் மேலே போனால் ராக்கெட் முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். எங்கே வெடித்தது என்றே தெரியாது, அடுத்ததைத் திருத்தவும் முடியாது. அதனால் இன்னும் நெருங்கித்தான் ஆக வேண்டும்.

கணக்கு_டீச்சர்

இந்த 63 சதவீதக் கணக்கை எட்டாம் வகுப்புக்கே கொடுக்கலாம் சார். ஏவுகணை பற்றி யாராவது எழுதுங்கள். மலைக்கு மேலே நின்று சுட்டார்களா?

வரைபடம்

ஆமாம், அதுதான் விஷயமே. அந்த ஹெலிகாப்டரை வீழ்த்தியது ஸ்டிங்கர், தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை. ஒன்றரை மீட்டர் நீளம், 70 மில்லிமீட்டர் குறுக்களவு. குழாயோடு சேர்த்து சுமார் 15 கிலோ, ஒரு ஆள் தூக்கிக்கொண்டு முகடு ஏறிவிடலாம். சுடுவதற்கு முன் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருளையைச் செருகுவார்கள். அதில் அழுத்தத்தில் அடைத்த ஆர்கான் வாயுவும் பேட்டரியும் இருக்கும். வாயு ஏவுகணையின் கண்ணைக் குளிரவைக்கும், அப்போதுதான் தூரத்து வெப்பம் துல்லியமாகத் தெரியும். உருளையைத் தட்டிவிட்டால் சுமார் 45 வினாடிதான் தாங்கும், அதற்குள் சுட்டாக வேண்டும். எஞ்சின் வெப்பம் ஏவுகணையின் கண்ணில் பட்டதும் சுடுகிறவனுக்குக் கேட்கும் ஒலி மாறும். விசையை அழுத்தினால் சின்ன மோட்டார் குழாயை விட்டு வெளியே தள்ளும், சில மீட்டர் போன பிறகு பெரிய மோட்டார் பற்றும். வேகம் ஒலியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். 2 கிலோமீட்டரைக் கடக்க நான்கு வினாடி சொச்சம் போதும். வெடிமருந்துத் தலை 3 கிலோதான், ஆனால் அது போய் இடிப்பது சூடான எஞ்சின் பக்கம்.

சமவெளியில் இப்படிப்பட்ட ஏவுகணைக்குத் தப்ப உயரப் பறந்தால் போதும். தரையிலிருந்து மூன்று, மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் அதற்கு எட்டாது. ஆனால் சுடுகிறவனே 4,500 மீட்டர் முகட்டில் நின்றால்? எம்ஐ-17 ஏறக்கூடிய உச்சமே 5,000 மீட்டரை ஒட்டித்தான். அவன் தலைக்கு மேல் தப்பிக்க வானமே மிச்சமில்லை. சில சமயம் ஹெலிகாப்டரை மேலிருந்து கீழ்நோக்கியே பார்க்கலாம்.

ஹேங்கர்_பழசு

இனி நான் எழுத வேண்டியது. மனது கனக்கிற பகுதி இதுதான், அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைக்கு எதிராக ஃப்ளேர் பெட்டி இருக்கிறது. இந்த வகை ஹெலிகாப்டருக்கான ரஷ்யப் பெட்டி ஏஎஸ்ஓ-2வி. உள்ளங்கை அகலக் குழல்கள் என்று நினைக்க வேண்டாம். 26 மில்லிமீட்டர், பட்டாசு 'ஷாட்' அளவுதான். ஒரு பெட்டியில் 32. அழுத்தினால் வரிசையாக வெளியே தெறித்துச் சில நொடிகள் எஞ்சினைவிடச் சூடாக எரியும். ஏவுகணையின் கண் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

இதில் தவறுவது எங்கே? முதலாவது, நேரம். ஏவியதைப் பார்த்த பிறகு அழுத்தலாம் என்றால் நான்கு வினாடியில் பார்க்கவும் சொல்லவும் அழுத்தவும் முடியாது. அதனால் தாக்கப் பாயும்போதும் விலகும்போதும் முன்கூட்டியே விட்டுக்கொண்டே போக வேண்டும். இரண்டு நொடிக்கு ஒன்று என்றால் ஒரு பெட்டி 64 வினாடியில் காலி. இரண்டாவது, பராமரிப்பு. எரிந்த கரி மின்தொடுமுனைகளில் படியும். துடைக்காமல் விட்டால் அழுத்தினாலும் சில குழல்கள் வெடிக்காது. மூன்றாவது, நிரப்பும் முறை. முதலில் மின்சாரம் நிறுத்தி, பாதுகாப்பு முள் செருகி, தொடுமுனையில் கசிவு மின்னழுத்தம் இருக்கிறதா என்று சோதித்து, அதன் பிறகே நிரப்புவார்கள். முள்ளைப் பறப்பதற்குச் சற்று முன்தான் உருவுவார்கள். உருவ மறந்தால் பெட்டி இருந்தும் இல்லாததுதான்.

மே 28 அன்று அந்த அணியின் அழைப்புப் பெயர் நூப்ரா. முகிலன் இருந்தது மூன்றாவது ஹெலிகாப்டர், நூப்ரா மூன்று. அணியில் ஃப்ளேர் பெட்டி இல்லாத ஹெலிகாப்டர் அது ஒன்றுதான். தாக்குதலில் சுடப்பட்டதும் அதுதான்.

கணக்கு_டீச்சர்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே முடியவில்லை சார். ஒரு பெட்டிதானே, முந்தின இரவே மாட்டியிருக்க முடியாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

ஹேங்கர்_பழசு

கேட்க வேண்டிய கேள்விதான் டீச்சர். வெளியே தெரிவது பெட்டி மட்டும். அதற்குத் தாங்கி பொருத்த உடலில் வலுவான இடம் வேண்டும், அங்கிருந்து காக்பிட் வரை ஒயர் இழுக்க வேண்டும், விசைப்பலகை வைக்க வேண்டும், ஒவ்வொரு குழலுக்கும் மின்சாரம் போகிறதா என்று வரிசையாகச் சோதிக்க வேண்டும். ஸ்க்ரூ முடுக்கிவிட்டுப் போகிற வேலை இல்லை. விமானப்படை சண்டையில் இறங்கி அது மூன்றாவது நாள்தான்.

குதிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த ஹெலிகாப்டரில் வெளித்தள்ளும் இருக்கை கிடையாது, தலைக்கு மேலே ரோட்டர் சுற்றுகிறது. மலைச்சரிவை ஒட்டிப் பறக்கும்போது பாராசூட் விரிய உயரமும் இல்லை. எஞ்சின் நின்றால் காற்றின் வேகத்திலேயே ரோட்டரைச் சுழலவிட்டு இறக்குகிற முறை உண்டு, ஆனால் அதற்கு இறக்கைகளும் கட்டுப்பாட்டுத் தண்டுகளும் முழுசாக இருக்க வேண்டும். கீழே சமதரையும் வேண்டும்.

வலது_சீட்

அதன் பின் நடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எம்ஐ-17-ஐத் தாக்குதல் வேலையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். காயம்பட்டவர்களை இறக்குவது, சாமான் ஏற்றுவது என்று அதே ஹெலிகாப்டர்கள் போர் முடியும்வரை பறந்தன. போர் விமானங்கள் ஏவுகணைக்கு எட்டாத உயரத்துக்குப் போயின. உயரமான மலையிலும் சண்டையிடும் ஹெலிகாப்டர் நம்மிடம் வேண்டும் என்ற எண்ணம் கார்கிலில்தான் உறுதியானது. அதில் உருவான 'பிரசண்ட்' 2022 அக்டோபர் 3 அன்று ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்தது. இடையில் 23 வருடம்.

வரைபடம்

பெயர் பற்றி ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் எம், யூ, எச், ஐ, எல், ஏ, என் என்று எழுதுவதால் 'முஹிலன்' என்று தமிழில் திருப்பி எழுதிவிடுகிறார்கள். முகில் என்ற நம் சொல்லில் பிறந்த பெயர். பலகையில் 'முகிலன்' என்றே எழுதுங்கள். இணையத்தில் தேடும்போது மட்டும் 'எச்' போட்டுத் தேடுங்கள், 'ஜி' போட்டால் கிடைக்காது.

அவர்களுடைய பிரிவு 152 ஹெலிகாப்டர் யூனிட், உத்தரப் பிரதேசத்தில் சர்சாவா தளம். 2019 மே 28, இருபதாம் ஆண்டு நினைவில், அங்கே எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் ஓர் இடத்தைக் காலியாக விட்டுப் பறந்தன. மேற்கு விமானப் படைப்பிரிவின் அன்றைய தலைவர் ஏர் மார்ஷல் நம்பியார் முன்னின்று நடத்தினார்.

மாணவர்களை அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால் திராஸ் நினைவிடம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. கார்கில் ஊரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். குளிர்காலத்தில் சோஜிலா கணவாய் பனியில் மூடிவிடும் என்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வசதி. நினைவுச் சுவரில் பெயர்களைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே நிற்பது டோலோலிங். அடையாள அட்டை அவசியம். 3,200 மீட்டர் என்பதால் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள், தண்ணீர் அடிக்கடி குடிக்கவையுங்கள்.

கணக்கு_டீச்சர்

பலகை வாசகத்தை மாற்றிவிட்டேன். சரிபாருங்கள்:

"1999 மே 28, திராஸ், டோலோலிங். 152 ஹெலிகாப்டர் யூனிட்டின் எம்ஐ-17, நூப்ரா மூன்று. ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர், ஃபிளைட் லெப்டினன்ட் சு. முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ஆர்.கே. சாஹு."

முகிலன் பெயரை மட்டும் பெரிதாகப் போடலாமா என்று பெயின்டர் கேட்கிறார்.

ஹேங்கர்_பழசு

நாலு பேருக்கும் ஒரே அளவு எழுத்து போடச் சொல்லுங்கள் டீச்சர்.