மொட்டை மாடிக்கு ஆறு அடுக்குத் தார் ஷீட்: கொருக்குப்பேட்டை வீட்டுக்குச் சரிப்படுமா?

கொருக்குப்பேட்டைக்காரி:

அப்பா 1991இல் கட்டிய வீடு. மொட்டை மாடி ஏறத்தாழ 900 சதுர அடி. சுருக்கி (சுண்ணாம்பில் கலந்த செங்கல் ஜல்லி) போட்டு, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்தது. மிக்ஜாம் புயலுக்குப் பிறகு மழைக்காலம் வந்தாலே மாடி அறையில் கிழக்குச் சுவரை ஒட்டி ஓதம் இறங்குகிறது. மழை கொட்டும்போது ஒன்றும் தெரியாது. விட்டு அரை நாள் கழித்துத்தான் சொட்ட ஆரம்பிக்கும். கூரையின் நடுப்பகுதி காய்ந்தே இருக்கிறது.

ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். தாரைக் காய்ச்சி ஊற்றி, ஷீட் ஒட்டி, மறுபடி தார், மறுபடி ஷீட் என்று "ஆறு அடுக்கு" போட்டு, மேலே பொடி ஜல்லி தூவிவிட்டால் கவலையே இல்லை என்கிறார். தட்டோட்டை உடைக்க வேண்டாமாம், அதன் மேலேயே ஒட்டிவிடலாமாம். அம்மாவுக்கு மனமே இல்லை. வடாம் எங்கே பிழிவது, துணி எங்கே உலர்த்துவது என்று கேட்கிறார். விடுமுறை வந்தால் தெருப் பையன்கள் பட்டம் விட எங்கள் மாடியைத்தான் தேடி வருவார்கள், அது வேறு. இந்த வேலையைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் வாசி:

வேண்டவே வேண்டாம் சகோதரி. என் மாமனார் வீட்டில் போட்டார்கள். சித்திரை வெயிலில் தார் இளகி, மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. பேசாமல் வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள்.

திருவொற்றியூர் ஓவர்சீயர் (ஓய்வு):

பெரம்பூர்க்காரர் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் பழி தார் மீது அல்ல, எந்தத் தார் என்பதில் இருக்கிறது. சாலைக்குப் போடும் தார் 50 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். நம் ஊர் மே மாத வெயிலில் கறுப்புத் தளம் 60 டிகிரியைத் தாண்டும். கூரைக்கென்று தனித் தார் உண்டு. காற்றூதிக் கெட்டியாக்கியது, 85/25 என்பார்கள். முதல் எண் அது இளகும் வெப்பநிலை. மூட்டையில் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். சாலை வேலையில் மிஞ்சிய டிரம் உங்கள் வாசலில் வந்து இறங்கினால் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது அந்த ஆறு அடுக்கு. ஆறு ஷீட் என்று நினைத்துவிடாதீர்கள் அம்மா. தார், ஷீட், தார், ஷீட், தார், கடைசியில் பொடி ஜல்லி: கணக்கு முடிந்தது. ஷீட் இரண்டுதான். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, அரசு வேலைகளிலும் இப்படித்தான் எண்ணுவோம். ஏமாற்று நடப்பது தாரின் அளவில். ஒரு பூச்சுக்குச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 1.45 கிலோ போக வேண்டும். உங்கள் 900 சதுர அடி ஏறத்தாழ 84 சதுர மீட்டர். மூன்று பூச்சுக்கு 365 கிலோ. கைப்பிடிச் சுவரில் ஏற்றி ஒட்டுவது தனி. வந்த மூட்டைகளை நீங்களே எண்ணுங்கள். பாதிதான் வந்திருக்கிறது என்றால் மீதி அவர் பேச்சில் இருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் இருக்கட்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தண்ணீர் தளத்தின் வழியாக இறங்கவில்லை என்றே படுகிறது. நடுப்பகுதி காய்ந்திருக்கிறது, சுவரோரம் மட்டும் சொட்டுகிறது, அதுவும் மழை விட்ட பிறகு. மாடியில் கிழக்கு மூலைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். தட்டோடும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தில் சிமென்ட் அணைப்பு (மூலையை மூடும் பூச்சு) வெடித்து, ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு வாய் விட்டிருக்கும். தண்ணீர் அதில் இறங்கி, சுருக்கியிலுள்ள செங்கல் ஜல்லியில் ஊறி, மெதுவாகக் கீழே வரும். அரை நாள் தாமதத்துக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். இன்னொன்று: அந்தப் பக்கம் பக்கத்து வீடு ஒட்டிக் கட்டியிருக்கிறதா? நம் பகுதியில் இரண்டு சுவர்களுக்கும் நடுவே கை நுழையாத இடுக்கு ஒன்று இருக்கும். பூசவும் முடியாது, பார்க்கவும் முடியாது. அதில் விழும் மழை எத்தனை அடுக்குக்கும் அடங்காது.

ஊறிய சுருக்கியின் மேல் தார் ஊற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான வேலை. உள்ளே இருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகி ஷீட்டை அப்பளம் போல உப்ப வைக்கும். உங்கள் வீட்டில் பையன்கள் ஓடுவார்கள் என்கிறீர்கள். உப்பிய இடத்தை ஒரு கால் மிதித்தால் போதும். பாலித்தீன் துண்டு ஒன்றை நான்கு ஓரமும் டேப் போட்டுத் தளத்தில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை.

ராயபுரம் பழைய வீடு:

ஓவர்சீயர் ஐயா சொன்னதோடு ஒன்று. கேட்டவருடையது கான்கிரீட் தளம் என்று நினைக்கிறேன். எங்களுடையது போல தேக்குச் சட்டத்தின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தார் ஊற்ற ஓடாதீர்கள். ஈரம் உள்ளே சிக்கினால் சட்டத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப்போகும். எங்களுக்குச் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும்தான்.

கொருக்குப்பேட்டைக்காரி:

ஐயா, போய்ப் பார்த்தேன். கிழக்கு ஓரத்தில் அணைப்பு வெடித்துத்தான் இருக்கிறது, வேப்பங்கன்று ஒன்றும் முளைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு இடுக்கும் உண்டு. முழு மாடிக்கும் போடாமல் இந்த ஓரத்தை மட்டும் சரிசெய்தால் போதுமா?

திருவொற்றியூர் ஓவர்சீயர் (ஓய்வு):

முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். கன்றை வேரோடு எடுங்கள். மேலே கிள்ளினால் மறுபடி வரும். ஓரமாக ஓர் அடி அகலத்துக்குத் தட்டோட்டையும் சுருக்கியையும் கொத்தி எடுத்து நன்றாகக் காயவிடுங்கள். மூலையைக் கலவையால் வளைவாக அணைத்து, அதன்மேல் ஷீட்டை ஒட்டி, கைப்பிடிச் சுவரில் அரை அடி உயரம் ஏற்றி, சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி ஷீட்டின் முனையை உள்ளே செருகிப் பூச வேண்டும். முனையைச் சும்மா சுவரில் ஒட்டிவிட்டுப் போனால் அடுத்த வெயிலில் உரிந்து நிற்கும். அந்த ஒரு காடிக்குச் சோம்பல்பட்டுத்தான் பாதி வீடுகள் ஒழுகுகின்றன. பிறகு அந்த ஓர் அடிக்கு மேல் மறுபடி தட்டோடு பதித்துவிடலாம், அம்மாவின் வடாமுக்கும் ஆபத்தில்லை.

இடுக்குக்கு, பக்கத்து வீட்டாரிடம் பேசி, உங்கள் கைப்பிடிச் சுவரிலிருந்து அவர்கள் சுவர் வரை அலுமினியத் தகடு ஒன்றைச் சாய்வாக மூடச் சொல்லுங்கள். செலவைப் பாதி பாதி பிரித்துக்கொள்ளலாம், அவர்கள் சுவருக்கும் அதே ஓதம் இருக்கும். மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மழைநீர்க் குழாயை அடைத்து அந்த ஓரத்தில் இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். ஒப்பந்தக்காரருக்கு மீதிப் பணம் அதற்குப் பிறகுதான்.

ஒன்று கேட்க மறந்தேன். ஓதம் காட்டும் இடத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா? கடல் காற்று அடிக்கும் நம் பக்கத்தில் துருப்பிடித்த கம்பி ஊதிக்கொண்டே போகும். தெரிந்தால் மேல் வேலைக்கு முன்பே ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.